வெல்டிங் அண்ணனின் கண்

ஒரகடம் வட்டாரத்தில் வெறும் கண்ணால் பார்க்கக் கூடாதவை இரண்டு. ஒன்று வெல்டிங் நெருப்பு. இன்னொன்று எங்கள் தொழிற்சாலையின் லைன் லீடர். வெல்டிங் மெஷினைத் தொட்டே அறியாத மனிதருக்கு வெல்டிங் அண்ணன் என்று பெயர் வந்தது அப்படித்தான்.

ஷிஃப்ட் தொடங்குமுன் ஐந்து நிமிடம் பேசுவார். கண்ணைப் பார்த்துச் சொன்னால்தான் பேச்சு உள்ளே இறங்கும் என்பது அவர் கொள்கை. முப்பது பேர் நின்றாலும் ஒருவனைத்தான் பிடிப்பார். அவன் தலையாட்டும்வரை இமைக்க மாட்டார். என்னைப் போல் தெற்கேயிருந்து வந்தவர்கள் மரியாதைக்குத் தலை குனிவோம். இவர் முட்டி போட்டுக் கீழேயிருந்து கண்ணைத் தேடுவார்.

ஞாயிற்றுக்கிழமை ஜெபக்கூடத்தில் அவர் பிரசங்கமும் உண்டு. ஒருமுறை வேதத்தைத் திறந்துகொண்டே முன்வரிசைப் பெரியவரைப் பார்த்திருக்கிறார். வசனம்கூடப் படிக்கவில்லை. பெரியவர் எழுந்து, "பக்கத்து வூட்டு சேவல அறுத்து துன்னது நான்தாம்பா" என்று அழுதுவிட்டார். அன்றைய தலைப்பு, நன்றி செலுத்துதல்.

நான் எட்டாவதோடு நின்றவன். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் பஸ்ஸை விட்டுவிட்டோமோ என்று கவலைப்படுகிறவன். போன வருஷம் என்னை பெர்மனென்ட் ஆக்க ஒரு நிபந்தனை வைத்தார்கள். மேனேஜர் முன்னால் பாதுகாப்பு பற்றி இரண்டு நிமிடம் பேச வேண்டும். பேச வராவிட்டால் கான்ட்ராக்ட் முடிந்து ஊர் திரும்ப வேண்டியதுதான்.

அண்ணன் ஒரு வாரம் கேன்டீனில் உட்காரவைத்துப் பழக்கினார். என் கண்ணைப் பார்த்துச் சொல் என்பார். பார்த்தேன். கையுறை பற்றிய வரி மறந்தது. மறுநாள் ஹெல்மெட்டும் போயிற்று. வெள்ளிக்கிழமை என் பெயரைச் சொல்லவே திணறினேன்.

"இன்னாடா, நான் இன்னா புலியா?" என்று வருத்தப்பட்டார். புலி என்றால் ஓடவாவது செய்திருப்பேன் என்று நான் சொல்லவில்லை.

அந்த நாளும் வந்தது. நாற்காலியில் மேனேஜர். அவருக்கு நேர் பின்னால், சுவரோரமாக அண்ணன். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. நிமிர்ந்தால் அதே பார்வை. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தபோது அண்ணன் மெதுவாகத் திரும்பி, எனக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

வியர்வை ஊறிய அந்த நீலச் சட்டை முதுகைப் பார்த்தபடியே கையுறை, ஹெல்மெட், எமர்ஜென்சி ஸ்விட்ச் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். கண்ணைப் பார்த்து தைரியமாகப் பேசுகிறீர்கள் என்று மேனேஜர் பாராட்டிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும், ஏன் அப்படித் திரும்பிக்கொண்டீர்கள் என்று கேட்டேன்.

"நான் பாத்துகினே இருந்தா உனக்கு வேல போயிருக்கும்டா. அவ்ளோதான்."

அதைச் சொல்லும்போதும் அவர் என் பக்கம் திரும்பவில்லை. நான்தான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.