ஃபோர்மேன் வீட்டு ஈரச் சுவர்

டாக்டர் சொல்லி முடித்துவிட்டார். ஃபோர்மேன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார்.

"அவ்வளவுதான். எல்லாம் சுத்தமா இருக்கு. இனிமே மாத்திரைகூட வேண்டாம். அடுத்த வருஷம் ஒரு தடவை வந்து காட்டிட்டுப் போங்க."

"அடுத்த வருஷமா?"

மனைவி அதற்குள் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள். தொண்டையில் கட்டி வந்து, அறுத்து, அதன் பிறகு ஆஸ்பத்திரியே கதியென்று கிடந்தவள் அவள்தான். அவள் முகம் மலர்ந்திருந்தது. ஃபோர்மேனுக்கு யோசனை வேறாக ஓடியது. ஒரு வருஷம் யாரும் திறந்து பார்க்காமல் விட்டால் உள்ளே என்ன வேண்டுமானாலும் நடக்குமே. இன்னொரு தடவை படம் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றார் டாக்டர். வேறு மிஷினில்? அதுவும் வேண்டாம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சார், நல்லா இருக்காங்கன்னு சொல்றேன். கூட்டிட்டுப் போய் சந்தோஷமா இருங்க."

அதை எப்படிச் செய்வதென்றுதான் ஃபோர்மேனுக்குத் தெரியவில்லை.

அவர் பஸ் டிப்போவில் ஃபோர்மேன். காலையில் வண்டி வெளியே போகுமுன் சின்னச் சுத்தியலால் சக்கரத்து நட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். இறுகிய நட்டு கணீரென்று பேசும், தளர்ந்த நட்டு மந்தமாக முனகும். டிரைவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் 'டொக்டொக்' என்று பேர் வைத்திருந்தார்கள். எல்லா நட்டும் கணீரென்று பேசிவிட்டால் அவர் வண்டியை விடமாட்டார், இன்னொரு சுற்று தட்டுவார். ஒரு கோளாறும் இல்லாத வண்டி அவரைப் பொறுத்தவரை எதையோ மறைக்கிற வண்டி.

வீட்டு விஷயத்தில் அவருடைய பயத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. வாழ்நாளெல்லாம் வாடகைக்கு இருந்துவிட்டு அடுக்குமாடியில் வாங்கிய இந்தச் சொந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று, சாமான் எதுவும் வராத வெறும் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் எதற்கென்றே தெரியாமல் சிரித்தார்கள். அப்படி அவர் அதுவரை சிரித்ததில்லை. அந்த வாரமே அவள் கண்ணாடி முன்னால் நின்று கழுத்தைத் தடவிக்கொண்டு, "என்னங்க, இங்க ஏதோ உருண்டையா இருக்கு" என்றாள். சிரிப்புக்கும் கட்டிக்கும் சம்பந்தமில்லை என்பது அவருக்குத் தெரியாதா என்ன. தெரியும். ஆனால் அன்றிலிருந்து சிரிப்பு வந்தால் வாயை மூடிக்கொள்ளப் பழகியிருந்தார்.

நோய் இருந்த காலத்தில் அவர் மலை மாதிரி நின்றார். எந்த மாடியில் எந்த டாக்டர், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால், எல்லாம் அவருக்கு அத்துபடி. அவள் அழுதபோது இவர் அழவில்லை. ராத்திரி அவளுக்குக் கஞ்சி ஆற்றிக் கொடுத்துவிட்டுப் படுத்தால் கட்டைபோலத் தூங்கினார். நோய் போனதும் தூக்கமும் போயிற்று.

காலையில் எழுந்ததும் அவள் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பார். அவள் தும்மினால் எழுந்து நிற்பார். மொட்டைமாடிக்குப் படி ஏறக்கூடாது, துணி பிழியக்கூடாது. அவள் முன்பு வேலை பார்த்த மூக்குக் கண்ணாடிக் கடையில் திரும்பக் கூப்பிட்டார்கள். அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். வெளியூரிலிருக்கும் மகள் பதவி உயர்வு கிடைத்ததென்று போன் செய்தபோது, அந்த ஆபீஸ் லிஃப்ட் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று விசாரித்தார்.

ஒருநாள் சாப்பிடும்போது அவள் எத்தனை கவளம் வாயில் வைக்கிறாள் என்று இவர் எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டாள். தட்டைத் தள்ளி வைத்தாள்.

"நான் படுத்துக் கிடந்தப்பகூட நீங்க இந்தப் பாடு படுத்தலை."

"அப்ப உனக்கு என்னன்னு தெரியும்" என்றார் அவர். "இப்ப என்னன்னு தெரியலையே."

எழுந்து போய்க் கை கழுவினாள். வெகுநேரம் கழுவினாள்.

அதற்குப் பிறகுதான், ஒரு சாயங்காலம் டிப்போவிலிருந்து வந்தவர் கூடத்துச் சுவரில் அந்த ஈரத்தைப் பார்த்தார். சோபாவுக்குப் பின்னால், உள்ளங்கை அளவுக்கு. தொட்டுப் பார்த்தார், சில்லென்றிருந்தது. பையிலிருந்து சுத்தியலை எடுத்துத் தட்டினார். மந்தமாக முனகியது. சோபாவை நகர்த்திப் போட்டுவிட்டுச் சட்டையைக் கழற்றினார். மறுநாள் காலையில் நாடி பார்க்க மறந்துபோனார்.

முதலில் சுண்ணாம்பைச் சுரண்டிவிட்டு, ஈரத்தைத் தடுக்கிற பசை பூசி, மேலே பெயிண்ட் அடித்தார். மறுநாள் சாயங்காலம் சுவர் பெயிண்டோடு சேர்ந்து நனைந்திருந்தது. பிளம்பரைக் கூப்பிட்டார். அவர் காதை வைத்துக் கேட்டு, தடவிப் பார்த்து, இந்தப் பக்கத்தில் பைப்பே கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். பைப் இல்லாத இடத்தில் தண்ணீர் என்றால் அது சாதாரண விஷயமில்லை என்று ஃபோர்மேனுக்குப் பட்டது. உற்றுக் கவனித்ததில் இன்னொன்றும் தெரிந்தது. வார நாளில் ஈரமாக இருக்கும் சுவர் ஞாயிற்றுக்கிழமையில் காய்ந்துவிடுகிறது.

மேல்வீட்டில் ரிட்டயர்டு கணக்கு டீச்சர் ஒருவர் தனியாக இருந்தார். ஞாயிற்றுக்கிழமையானால் தங்கை வீட்டுக்குப் போய்விடுவார். ஃபோர்மேன் இரண்டையும் கூட்டிப் பார்த்தார். விடை டீச்சருடைய குளியலறையில் வந்து நின்றது.

குளியலறை கட்டடத்தின் அந்தக் கோடியில் இருக்கிறது, அங்கேயிருந்து இங்கே தண்ணீர் நடந்து வருமா என்று டீச்சர் பொறுமையாகக் கேட்டார். தண்ணீர் எந்த வழியாக வரும் என்பதை ஃபோர்மேன் படம் போட்டுக் காட்டினார். படத்தில் தண்ணீர் ஒரு இடத்தில் மேல்நோக்கி ஏறியது. ஆளை விட்டால் போதும் என்று டீச்சர் தரைக்கல்லைப் பெயர்க்கச் சம்மதித்தார். பெயர்த்த பிறகு அவர் வாளியும் கையுமாக எதிர்வீட்டில் போய்க் குளிக்க வேண்டியதாயிற்று. கீழே சுவரில் ஈரம் ஒரு முறம் அளவுக்குப் பெரிதாகியிருந்தது.

நேரிலேயே பிடித்துவிடுவதென்று லீவு போட்டார். சுவருக்கு எதிரே நாற்காலி போட்டுக் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார். மனைவி காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். சுவர் சருகுபோலக் காய்ந்து கிடந்தது. மறுநாள் வேலைக்குப் போய்விட்டு வந்தால் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. ஃபோர்மேன் ஆச்சரியப்படவில்லை. ரோட்டில் கடகடவென்று சத்தம் போட்டுவிட்டு டிப்போவுக்குள் வந்ததும் பரம சாதுவாக நிற்கிற வண்டிகளை அவர் எத்தனையோ பார்த்திருக்கிறார்.

இதற்கு நடுவில் வீட்டில் வேறு சிலதும் நடந்துகொண்டிருந்தது. சிமென்ட் குழைத்துக்கொண்டிருந்தவரிடம் மனைவி, "நாளையிலேர்ந்து கடைக்குப் போகலாம்னு இருக்கேன். அவங்க பத்து மணிக்கு வந்தா போதும்னாங்க" என்றாள். "ம், அந்தக் கரண்டியை எடு" என்றார் அவர். அவள் மொட்டைமாடிக்குப் படி ஏறினாள். துணி பிழிந்தாள். மழையில் நனைந்துகொண்டே வீடு வந்து இரண்டு தும்மலும் போட்டாள். அவர் சுவரில் காதை வைத்துக்கொண்டு, சத்தம் போடாதே என்று கையைக் காட்டினார். நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகத் தூங்கினார். டிப்போவில் அவருக்கு உடம்பு தேறியிருப்பதாகப் பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் உளியை எடுத்தார். ஈரமிருந்த இடத்தில் உடைத்தார், பைப் இல்லை. கொஞ்சம் தள்ளி உடைத்தார், அங்கேயும் இல்லை. தள்ளித் தள்ளி உடைத்துக்கொண்டே போனவருக்குச் சமையலறைப் பக்கம் ஒரு பைப் அகப்பட்டது. முழுப் பைப்பாகத்தான் இருந்தது, உளி படும்வரை.

கீழ்வீட்டில் வயலின் மாஸ்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கூரையிலிருந்து முதலில் சொட்டாகவும் பிறகு தாரையாகவும் இறங்கிய தண்ணீரில், படிக்க வந்தவர்கள் வயலின்களைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். மாஸ்டர் நனைந்த சட்டையோடு மாடியேறி வந்து பார்த்தபோது, ஃபோர்மேன் இடிபாட்டுக்கு நடுவில் பைப்பைக் கட்டைவிரலால் அடைத்தபடி நின்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

"நல்ல வேளை சார், கண்டுபிடிச்சிட்டேன். இதுதான் ஒழுகியிருக்கு."

"நீங்க உடைச்சதாலதான் சார் ஒழுகுது" என்றார் மாஸ்டர்.

கடையிலிருந்து வந்த மனைவி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று. கீழே இறங்கிப் போய் மாஸ்டரிடமும், மேலே ஏறிப் போய் டீச்சரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தாள். செய்தவர் இவர், அவள் ஏன் இப்படிக் குன்றிப்போகிறாள் என்று ஃபோர்மேனுக்குப் புரியவில்லை. "போதுங்க. இந்தச் சுவத்தை இதோட விட்டுடுங்க" என்று சொல்லும்போது அவள் குரல் உடைந்தது.

விடுவதா? அவர் சுவரை முழுதுமாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார். டீச்சர் வீட்டுத் தரைக்கல்லைத் தன் கையாலேயே பதித்துக் கொடுத்தார். மாஸ்டர் வீட்டுக் கூரையைப் பூசினார்.

புதுச் சுவர் காய்ந்தது. ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம். ஈரமே இல்லை. ஃபோர்மேன் தினமும் வந்து தட்டிப் பார்த்தார். கணீரென்று பேசியது. அவர் சோர்ந்துபோனார். சோபாவை அதன் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டு, சும்மா உட்கார்ந்தார். அன்று சாப்பாட்டில் கை வைத்தவர், எதிரே இருந்தவளை நெடுநாளைக்குப் பிறகு நிமிர்ந்து பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவளின் கழுத்தில் அவர் பார்வை நின்றது.

"கொஞ்சம் தலையை இந்தப் பக்கம் திருப்பு" என்றார்.

அவள் திருப்பினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் புதுச் சுவர் நனைந்திருந்தது.

இப்படியே வருஷம் ஓடி, டாக்டர் வரச்சொன்ன நாளும் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் பஸ்ஸில், கண்ணாடிக் கடைக்கு வந்த ஒருவர் புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொந்த மனைவியை யாரென்று கேட்ட கதையை அவள் சொன்னாள். ஃபோர்மேன் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்த பிறகுதான் தான் சிரித்தது உறைத்தது. வழியெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு வந்தார்.

அவளை டாக்டர் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்த ஃபோர்மேனுக்குப் பழைய பயம் மெல்ல ஏறியது. எத்தனை மாதமாக நாடி பார்க்கவில்லை? எப்படி மறந்தோம்? கதவு திறக்கும், டாக்டர் கண்ணாடியைக் கழற்றுவார், சிரித்ததற்குப் பலன் இதோ என்பார். அப்போது நர்ஸ் பிரஷர் பார்க்கிற கருவியோடு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கையை நீட்டச் சொன்னார்.

"எனக்கில்லைம்மா. என் வீட்டுக்காரிக்கு. அவ உள்ள இருக்கா."

"தெரியும் சார், நீட்டுங்க. இப்ப தூக்கமெல்லாம் எப்படி?"

"நல்லா தூங்குறா."

"உங்களைக் கேட்டேன்."

தூக்கத்துக்கு ஒன்றும் குறைவில்லை, பசியும் நன்றாகவே எடுக்கிறது, வீட்டில் ஒரு சுவர்தான் பாடாய்ப் படுத்துகிறது என்றார் ஃபோர்மேன். அதைச் சொல்லும்போதே அவருக்கு நெஞ்சு லேசானது. சுவரைப் பற்றி ஆரம்பத்திலிருந்து சொன்னார். நர்ஸ் அளவைப் பார்த்துவிட்டுப் பட்டையைப் பிரித்தார்.

"பிரஷர் நல்லா இருக்கு. இதையே தொடரச் சொல்லலாம்."

"எதை? அவளுக்குத்தான் மாத்திரையெல்லாம் போன வருஷமே நிறுத்தியாச்சே."

"ஆமாம் சார், அவங்களுக்கு எப்பவோ எல்லாம் நிறுத்தியாச்சு" என்று கருவியை மடித்துக்கொண்டே எழுந்தார் நர்ஸ். "நீங்க வீட்டுல இல்லாதப்ப சுவத்துல ஒரு மக் தண்ணின்னு அவங்ககிட்ட டாக்டர் சொல்லி அனுப்பினது உங்களுக்குத்தான்."