சனி, ஞாயிறு மட்டும் வெள்ளை மாத்திரை

மனைவி எந்தெந்தக் கிழமைகளில் கருத்தடை மாத்திரை சாப்பிட வேண்டும் என்று கால அட்டவணை போட்டுக் கொடுத்த ஆண்பிள்ளை இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். டாக்டர் கேட்கவில்லை, மனைவி கேட்கவில்லை. நானாகவே போட்டேன். (அறிவு கொஞ்சம் கூடுதலாக இருந்துவிட்டால் அதைச் சும்மா வைத்திருக்க மனசு வராது.)

தொண்ணூறுகளின் நடுவில் பீளமேட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் ஒரு பம்ப்செட் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதி. திங்கட்கிழமை காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கோபி, சத்தி, பவானி என்று கிளம்பினால் சனிக்கிழமை சாயங்காலம்தான் வீடு திரும்புவேன். என் புது மனைவி சாந்தாமணி எம்.எஸ்ஸி. கணிதம் படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகும் படிப்பேன் என்று அவள் பிடிவாதமாக நின்றதில் இரண்டு குடும்பங்களும் கொஞ்ச நாள் முகம் பார்த்துப் பேசவில்லை. கடைசியில் என் அப்பாதான் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு.

"படிக்கட்டும். வயித்துல ஒண்ணு வந்துருச்சுன்னா நிறுத்திப்போடோணும்."

ஆகவே ஒரு லேடி டாக்டரிடம் போனோம். அவர் சாந்தாமணிக்கு ரத்த அழுத்தம் பார்த்தார், ஒற்றைத் தலைவலி உண்டா, வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்றெல்லாம் விசாரித்தார், பிறகு ஓர் அட்டை மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். மூன்று வரிசை வெள்ளை, ஒரு வரிசை பழுப்பு. பழுப்பில் இருப்பது வெறும் இரும்புச் சத்து. அம்புக்குறி போகிற வழியிலேயே தினமும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று போட வேண்டும். ஆரம்பத்தில் கொஞ்சம் குமட்டும், போகப் போகச் சரியாகிவிடும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சிக்கலாக்குவதற்கு என்னைப் போல ஒருத்தன் தேவைப்பட்டான்.

சொன்னபடியே குமட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாந்தாமணி சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஏனுங்க, இதைத் தினமும் போட்டே ஆகோணுமா?" என்று கேட்டாள்.

அவள் கேட்டது ஆறுதலுக்கு. நான் கொடுத்தது தொழில்நுட்ப ஆலோசனை. தண்ணீர் தேவைப்படும்போதுதான் மோட்டார் ஓட வேண்டும், யாருமில்லாத தோட்டத்தில் ஓட்டினால் மோட்டாரின் கம்பிச் சுருள்தான் கருகும் என்று விவசாயிகளிடம் வாரம் முழுக்கச் சொல்கிறவன் நான். நான் ஊரிலேயே இல்லாத நாளில் வெள்ளை மாத்திரை எதற்கு ஓட வேண்டும்? எனவே சனியும் ஞாயிறும் வெள்ளை. மற்ற நாட்களில் உடம்புத் தெம்புக்குப் பழுப்பு. பழுப்பு தீர்ந்துவிட்டால் பேரீச்சம்பழம்.

கணிதம் படிக்கிறவள் இதை எப்படி ஒப்புக்கொண்டாள் என்று நீங்கள் கேட்கலாம். குமட்டல் பாதி காரணம். மீதி, நான் சொன்ன தோரணை. (ஓடாத மோட்டாரையே விற்ற வாய்.)

அடுத்த இரண்டு மாதமும் அவள் உடம்பு எந்தக் கணக்குக்கும் கட்டுப்படவில்லை. வரக்கூடாத நாளில் கொஞ்சம் உதிரம் பட்டது. வரவேண்டிய நாளில் வரவில்லை. ஒரு சனிக்கிழமை வீட்டுக்குள் நுழைந்தால், புத்தகங்களையெல்லாம் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்குக் கட்டறே?"

"நாள் தள்ளிப் போச்சுங்க. எப்படியும் எடுத்து வெக்கத்தான போறோம்."

அழுதிருந்தால்கூடத் தேவலை. முடிச்சை இறுக்கிப் போட்டாள்.

அன்றைக்குப் பார்த்துக் கருமத்தம்பட்டியிலிருந்து அம்மா வந்திருந்தாள். மருமகள் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். உள்ளே போய் மாங்காய் ஊறுகாய் ஜாடியை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்பாவின் காதுக்குச் செய்தி போக ஒரு பஸ் டிக்கெட் தூரம்தான் பாக்கி.

திங்கட்கிழமை விற்பனைச் சுற்றுக்குக் கிளம்பாமல் டாக்டரிடம் ஓடினோம். அவர் முதலில் கேட்டது, தினமும் போட்டாயா என்று. சாந்தாமணி என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு மோட்டார், தோட்டம், பேரீச்சம்பழம் எல்லாவற்றையும் வரிசையாக விளக்கினேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

பிறகு அவர் சொன்னது இது. கருமுட்டையே வெளிவராமல் தடுக்கிற மருந்து அது. புருசன் வீட்டில் இருக்கிறானா கோபியில் இருக்கிறானா என்று அதற்குத் தெரியாது. தினமும் ஒரே நேரத்தில் போட்டால்தான் வேலை செய்யும். ஒன்று மறந்தால் ஞாபகம் வந்ததும் போட்டுவிட்டு மீதியை வழக்கம்போலத் தொடர வேண்டும். இரண்டு மூன்று விட்டுப்போனால் மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே ஒரு வாரத்துக்கு ஆணுறையும் வேண்டும். நெஞ்சு வலியோ, காலில் வீக்கமும் வலியுமோ, தாங்க முடியாத தலைவலியோ வந்தால் உடனே ஓடிவர வேண்டும்.

சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பினார். லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்து சென்னிமலை முருகனுக்கு மொட்டை நேர்ந்துகொண்டேன். பிள்ளை வரம் கேட்டு எத்தனையோ பேர் வேண்டியிருப்பார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று கேட்டவனை அவர் அன்றைக்குத்தான் பார்த்திருப்பார்.

ரிசல்ட் நெகட்டிவ். எதற்கும் ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம், அதுவரைக்கும் ஜாக்கிரதை என்றார் டாக்டர். நான் நன்றியில் நெகிழ்ந்துபோய், "இனிமே நானே பக்கத்துல இருந்து பாத்துக்கறனுங்க டாக்டர்" என்றேன்.

"வேண்டாங்க. நீங்க பாத்துக்கிட்டதுனாலதான் இங்க வந்திருக்கீங்க."

இரண்டு நாள் கழித்துக் கோபியில் ஒரு டீலர் கடையில் இருந்தபோது எனக்கு போன் வந்தது. "வந்துருச்சுங்க" என்றாள் சாந்தாமணி. அவ்வளவுதான். நான் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே, "வந்துருச்சா!" என்று கத்திவிட்டேன். லோடு வந்துவிட்டதா என்று கேட்டார் டீலர். ஆமாம் என்று சொல்லிவிட்டுக் கடையிலிருந்த எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். கம்பெனி மோட்டாருக்காக இப்படிக் கண் கலங்குகிற பிரதிநிதியை அவர் அதற்குமுன் பார்த்ததில்லையாம்.

சாந்தாமணி புத்தகக் கட்டின் கயிற்றை அவிழ்த்தாள். புது அட்டையை டாக்டர் சொன்ன நாளில் ஆரம்பித்து, அம்புக்குறியை விட்டு அங்கே இங்கே நகரவில்லை. குமட்டலும் தானாக நின்றது. எம்.எஸ்ஸி. முடித்தாள், கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தாள், அதற்குப் பிறகு மாத்திரையை நிறுத்தினாள். மகள் பிறந்தாள்.

அந்த மகள் போன வருடம் ஏதோ பேச்சில், தான் எதிர்பாராமல் பிறந்த பிள்ளையா என்று கேட்டாள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, அந்தக் காலத்திலேயே முறையாகத் திட்டம் போட்டுப் பெற்ற பிள்ளை நீ என்றேன்.

கணக்கு விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த சாந்தாமணி தலையை நிமிர்த்தவில்லை.

"உங்கப்பா போட்ட திட்டப்படி நடந்திருந்தா, நீ ரெண்டு வருசம் மூத்தவளா இருந்திருப்பே கண்ணு."