கிணத்து மோட்டாரும் என் வாயும்

சனிக்கிழமை எனக்கு ஒரே ஒரு வேலை. நாலு குடும்பத்துக்கு சிக்கன் பிரியாணி.

முந்தின நாள் சாயங்காலம்தான் டெக்சாஸ்ல, காப்பெல்ங்கற ஊர்ல அக்கா வீட்டுல ஒரு வாரம் இருந்துட்டு நியூ ஜெர்சி திரும்பியிருந்தோம். பொட்டியைக்கூட பிரிக்கல. அதுக்குள்ள எல்லாரையும் லஞ்சுக்குக் கூப்பிட்டது யாரு? நானேதான்!

சிக்கனைக் கழுவிட்டு இருக்கேன். குழாய் 'புஸ்'ஸுன்னுச்சு. அவ்ளோதான், தண்ணி நின்னுடுச்சு.

எங்க வீடு பிரிட்ஜ்வாட்டர் டவுனைத் தாண்டி உள்ள தள்ளி இருக்கு. டவுன் தண்ணி கிடையாது, பின்னாடி சொந்த போர்வெல். என் வீட்டுக்காரர் செந்தில் பிரேக்கரைப் பாத்துட்டு வந்து, "மோட்டார் போச்சுன்னு நினைக்கிறேன்"னார்.

"ஹோம் இன்சூரன்ஸ் எதுக்கு இருக்கு? நான் பேசுறேன்!"

"போர்வெல் ஆள் வந்து பாக்கட்டும்டி. அப்புறம் பேசலாம்."

கேப்பேனா? போனை ஸ்பீக்கர்ல போட்டேன்.

அந்தப் பக்கம் ஒரு லேடி. தேன் மாதிரி இங்கிலீஷ். "மோட்டார் ரொம்ப பழசா மேடம்?"

"வீடு வாங்கும்போதே பழசுங்க! ஒரு தடவைகூட சர்வீஸ் பண்ணினதில்ல. அவ்ளோ ஸ்ட்ராங்கு!"

செந்தில் கழுத்தை அறுக்குற மாதிரி சைகை காட்டினார். சிக்கனைக் கேக்குறார்னு நினைச்சு, "அதெல்லாம் வெட்டியாச்சு"ன்னேன்.

"இடி, மின்னல் ஏதாவது?"

"சேச்சே! வானம் பளிச்சுன்னு இருக்கு!"

"அப்ப கஷ்டம் மேடம். மின்னல், தீ மாதிரி திடீர்னு வந்த சேதம்னா கவர் ஆகும். பழசாகித் தேஞ்சு போனா ஆகாது."

"கிணறே வத்தியிருந்தா?"

"அதுவும் ஆகாது."

சட்டுன்னு பேச்சை மாத்தினேன். "இல்லீங்க... நேத்து சாயங்காலம் வானத்துல ஏதோ வெட்டின மாதிரி..."

பக்கத்துல இருந்த என் பொண்ணு நிலா கத்தினா. "அம்மா, தட் வாஸ் ஃபயர்வொர்க்ஸ்!"

ஸ்பீக்கர்ல கீபோர்டு தட்டுற சத்தம். அப்புறம், "நோட் பண்ணிக்கிறேன் மேடம்."

போர்வெல் ஆள் வந்து மோட்டாரை மேல தூக்கினார். வயரெல்லாம் உருகி, கருகிக் கிடக்கு!

"இது மின்னல்தான். வாரம் நடுவுல இங்க பயங்கர இடி மழை, தெரியாதா? டேங்க்ல மிச்சம் இருந்த தண்ணிலதான் நேத்து ஓட்டியிருக்கீங்க."

எப்படித் தெரியும்? நாங்கதான் டெக்சாஸ்ல இருந்தோமே!

மறுபடி போன். அதே லேடி. "மேடம், முதல்ல வானம் பளிச்சுன்னீங்க. அப்புறம் பட்டாசு. இப்ப மின்னலா?"

செந்தில் போனை என் கையிலேர்ந்து வாங்கிட்டார்.

லஞ்சுக்குக் கூப்பிட்டவங்க விஷயம் கேள்விப்பட்டு, ஆளுக்கொரு தண்ணி கேனோட வந்தாங்க. "விருந்துக்குப் போனா ஸ்வீட் வாங்கிட்டுப் போவோம். பாத்ரூமுக்குத் தண்ணி தூக்கிட்டு வந்தது இதான் முதல் தடவை"ன்னு ஃப்ரெண்டு சுமதி சிரிச்சா. பிரியாணிக்குப் பதிலா பீட்சா.

அடுத்த வாரம் இன்சூரன்ஸ்லேர்ந்து ஒருத்தர் நேர்ல வந்தார். கருகின வயரைத் திருப்பித் திருப்பிப் பாத்தார். கிளெய்ம் பாஸ் ஆயிடுச்சு. அவர் இருந்த நேரம் முழுக்க செந்தில் என்னைக் காய்கறி வாங்க அனுப்பி வெச்சிருந்தார்.

கத்துக்கிட்டது ஒண்ணுதான்: "தெரியலைங்க"ங்கறதும் ஒரு பதில்தான்.