விக்கல் எடுக்கும் பெட்டி

பெட்டிக்குள் அறுந்திருந்த வயரை ஒட்டிக் கொடுத்தால் போதும் என்றுதான் டிரம்ஸ்காரன் சொல்லியிருந்தான். மிக்ஸி மெக்கானிக்குக் கை சும்மா இருக்குமா? பாதி செத்துக் கிடந்த சதுர பேட்டரியையும் பிடுங்கிக் குப்பைக்கூடையில் வீசிவிட்டுப் புதுசு போட்டார்.

அந்தப் பெட்டி, டிரம்ஸ்காரனின் குழுவில் கிட்டார் வாசித்த அவருடைய தம்பி தானே செய்த ஃபஸ் பெடல். காலால் அழுத்தினால் கிட்டார் கரகரவென்று கத்தி, கடைசியில் விக்கி விக்கி அடங்கும். அந்த விக்கலுக்காகவே கச்சேரிக்குக் கூட்டம் வரும். இன்று மாலை தம்பிக்கு நினைவுக் கச்சேரி.

வீடு தீப்பிடித்த இரவில், ஒத்திகை அறையில் கிடந்த பெட்டி தப்பித்தது. வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த தம்பி தப்பிக்கவில்லை. வீடெல்லாம் புகை சூழ்ந்தும், அண்ணன் மாட்டிக்கொடுத்த புகை அலாரம் கத்தவே இல்லை.

"நீங்க மாட்டினதுதானே?"

தம்பி மனைவி அவரிடம் கடைசியாகப் பேசியது அதுதான். வெளியே யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. நாலு பேரிடம் சொல்லித் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. இந்த விக்கலையாவது சரியாகக் கொடுத்துவிட்டால் ஒரு வார்த்தை பேசமாட்டாளா?

இதோ, டிரம்ஸ்காரனோடு கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். டிரம்ஸ்காரன் கிட்டாரை மீட்டினான். ஒலி கணீரென்று நீண்டுகொண்டே போனது.

"விக்கல் வரலைன்னு சொல்லுங்க" என்றாள் அவனிடம்.

"விக்கல் வரலையாம்ணே."

"காது கேக்குதுப்பா!"

டிரான்சிஸ்டரை மாற்றினார். கிட்டார் கொசு மாதிரி ரீங்கரித்தது. கெபாசிட்டரை மாற்றினார். யாரோ ஒருவர் பெட்டிக்குள்ளிருந்து வானிலை அறிக்கை வாசித்தார்.

"நாளைக்கு மழையாம்ணே."

"வாயை மூடு."

பதற்றத்தில் ரெண்டு வயரை இடம் மாற்றி ஒட்டினார். பெட்டியிலிருந்து மெல்லிசாகப் புகை எழுந்தது. அவ்வளவுதான், மனிதர் அலறிப்போய்ச் சொம்புத் தண்ணீரை அப்படியே அதன் தலையில் கவிழ்த்தார். பெட்டி ஒருதரம் கர்ரென்று உறுமி, ஓய்ந்தது.

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"என்னால ஒண்ணையும் ஒழுங்கா மாட்ட முடியாதும்மா" என்றார் அவர். "என் கை ராசி அப்படி."

டிரம்ஸ்காரன் பெட்டியைத் திருப்பிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயோ, புது பேட்டரி போட்டீங்களா? அதான் விக்கல் போச்சு! பாதி செத்ததுதாண்ணே இதுக்கு வேணும். பழசு எங்க?"

பதிலுக்குக் காத்திராமல் குப்பைக்கூடையைக் கவிழ்த்துத் தேடி, பேட்டரியைத் தூக்கிக் காட்டிச் சிரித்தான்.

"இதேதான்! உங்க தம்பிதான், 'அண்ணன் மாட்டின அலாரம், கில்லாடி வேலை, பேட்டரி இறங்கினதும் கீச்சு கீச்சுன்னு உயிரை எடுக்குது'ன்னு அதுலருந்து கழட்டிட்டு வந்து இதுல போட்டான். அதுக்கு ஒரு புதுசு வாங்கணும்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தான்."