கண்ணாடிக் கடை மாமாவுக்கு: அந்த இரண்டு படிகள் குறித்து

என் மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே நீங்கள் நலமாக இல்லை, அதற்குக் காரணம் நான் வேலை பார்க்கும் சாலை அலுவலகம் என்பது தெரிந்த விஷயம். ஆகவே 'உங்கள் நலம் அறிய ஆவல்' என்ற வரியை வெட்கத்தோடு விட்டுவிடுகிறேன். வருகிற ஒன்றாம் தேதி கடைச் சாவியைக் கட்டட உரிமையாளரிடம் கொடுக்கப்போவதாக அம்மாவிடம் சொன்னீர்களாம். அதற்கப்புறம் அம்மா என்னோடு பேசவில்லை. கடைசியாகப் பேசியது, "படிக்கவெச்ச மாமாவையே நடுத்தெருவுல நிறுத்திட்டியேடா!" நடுத்தெருவில் நிற்க இடமில்லை, அங்கே தகரத் தடுப்புதான் இருக்கிறது என்று நான் திருத்தப் போனதுதான் வினையாகிவிட்டது.

தெருவைப் புதுப்பிக்கும் வேலை ஆறே மாதத்தில் முடியும் என்று உங்கள் கடை மேஜையில் அடித்துச் சொன்னவன் நான்தான். அது இரண்டு வருடத்துக்கு முன். என் கணக்கு சரி, அதில் மனிதர்களைச் சேர்க்கத்தான் மறந்துவிட்டேன். சைக்கிள் பாதை நடைபாதையை ஒட்டியா, பேருந்துத் தடத்தை ஒட்டியா என்று பதினோரு கூட்டம். பெஞ்சு சாலையைப் பார்த்தா, கடையைப் பார்த்தா என்று நான்கு கூட்டம். வடிவமைப்பாளர் அம்மா, "உட்கார்றவங்க வாழ்க்கையைப் பார்க்கணும்" என்கிறார். தலைமைப் பொறியாளர், "வாழ்க்கையைப் பார்க்கணும்னா வீட்டுக்குப் போகட்டும், பெஞ்சு எதுக்கு?" என்கிறார். கடைசியில் சாய்மானமே இல்லாத பெஞ்சு என்று முடிவாகி, இருவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி கையெழுத்துப் போட்டார்கள். இதுவரை பதினாறு வரைபடம் போட்டாகிவிட்டது. "தம்பி, நீங்க கோடு போட்டு முடிக்கிறதுக்குள்ள எனக்குப் பேரன் பிறந்துடுவான்" என்றார் மேஸ்திரி. பிறந்துவிட்டான். பல்லும் முளைத்துவிட்டது.

இதையெல்லாம் சொல்லியே இதுவரை உங்களிடம் தப்பித்துவந்தேன். உண்மை வேறு, மாமா. அன்று நீங்கள் ஒன்றே ஒன்றுதான் கேட்டீர்கள்: "என்ன வேணா பண்ணுங்கப்பா, என் கடைப் படி ரெண்டை மட்டும் விட்டுடுங்க." புதுக் கண்ணாடி மாட்டியவரை அந்தப் படியில் உட்காரவைத்து எதிர்க்கடைப் பெயர்ப்பலகையைப் படிக்கச் சொல்வீர்கள், அவர் தடுமாறாமல் படித்தால்தான் கண்ணாடியை உறையில் போட்டுக் கொடுப்பீர்கள். எட்டு வயதில் நானும் அங்கே உட்கார்ந்துதான் எதிரே எழுத்து என்று ஒன்று இருப்பதையே கண்டேன். ஆனால் புதுத் திட்டத்தில் நடைபாதை கடைத் தரை மட்டத்துக்கு உயர்கிறது, எந்தக் கடைக்கும் படி கிடையாது. "சென்டிமென்ட் பேசாதீங்க மாமா, படி வேஸ்ட்" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டு வந்தேன். வந்தபின் மனசு கேட்கவில்லை. வரைபடத்தில் உங்கள் கடை முன் பன்னிரண்டு அடிக்குச் சிவப்பு வட்டம் போட்டு, 'உரியவரைக் கேட்காமல் தொட வேண்டாம்' என்று எழுதினேன். உரியவர் நீங்கள்தான். உங்களைச் சம்மதிக்கவைத்துவிட்டு வட்டத்தை அழிக்கலாம் என்று நினைத்தேன். உரியவர் யார் என்று எழுதவில்லை, அப்புறம் வட்டத்தையே மறந்துவிட்டேன்.

மேஸ்திரி வட்டத்தைப் பார்த்தார், கடப்பாரையைக் கீழே வைத்தார், உரியவர் யாரென்று தலைமைப் பொறியாளரைக் கேட்டார். தனக்குத் தெரியாமல் ஓர் உரியவர் இருப்பதை ஒத்துக்கொள்ள அவருக்குக் கூச்சம். "மேல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். மேலே இருந்தவர் இன்னும் மேலே அனுப்பினார். குடிநீர், மின்சாரம், போக்குவரத்து என்று கோப்பு ஆறு மேஜை ஏறி இறங்கியது. எல்லாரும் 'எமக்கு ஆட்சேபணை இல்லை, உரியவரைக் கேட்கவும்' என்றே எழுதினார்கள். எட்டு மாதம் கழித்து ஏழாவதாக வந்தது என் மேஜைக்கு. பார்த்தால், சிவப்பு வட்டத்துக்குள் இருந்தது என் கையெழுத்து. அன்றே சொல்லியிருக்கலாம். 'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதித் தள்ளிவிட்டேன், மாமா. அதற்குள் மழைநீர்க் குழாய் இரண்டு பக்கமிருந்தும் வந்து உங்கள் கடை முன் நின்றுவிட்டது. இணைக்காமல் பள்ளத்தை மூட முடியாது. உங்கள் பக்கம் முழுக்கத் திறந்து கிடப்பதற்குக் காரணம் அந்தப் பன்னிரண்டு அடி, அதற்குக் காரணம் நான். முன்னால் தகரம், இரண்டு பக்கமும் பள்ளம், பள்ளத்தின் மேல் ஒன்பது அங்குலப் பலகை. கண் சரியாகத் தெரியாதவர்கள் அதில் நடந்து வந்து கண்ணாடி வாங்க வேண்டும்!

நேற்று தலைமைப் பொறியாளரிடம் போய் ஒப்புக்கொண்டேன். "அப்ப நீதான் அந்த உரியவரா?" என்றார். "இல்ல சார், என் மாமா." "ரொம்பப் பெரிய ஆளா?" "கண்ணாடிக் கடை வெச்சிருக்கார் சார்." தன் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, வெள்ளிக்கிழமை படியை எடுத்துவிட்டுக் குழாயை இணைக்க உத்தரவு போட்டார். ஆகவே படி போகிறது, மன்னித்துவிடுங்கள். ஆனால் பதினைந்தே நாளில் பள்ளம் மூடப்படும். சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். பெயர்ப்பலகை படிக்கிறவர்களுக்கு நல்ல நாற்காலி ஒன்று நானே வாங்கிப் போடுகிறேன். இந்த முறை மேஜையில் அடித்துச் சொல்லவில்லை, கையைக் கட்டிக்கொண்டு சொல்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கம். பலகையில் நடக்கும்போது அவர் என்னைத் திட்டுவது நியாயம்தான், ஆனால் கீழே பார்த்துக்கொண்டே திட்டச் சொல்லுங்கள்.

உங்கள் ஆசிக்குத் தகுதியில்லாமலே அதற்குக் காத்திருக்கும்,
அக்கா மகன்

பி.கு.: இந்தக் கடிதத்தை ஒட்டப்போன நேரத்தில் அவசரக் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். படியை எடுக்குமுன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று காலையில் எங்கள் அலுவலகக் குழு உங்கள் கடைப்பக்கம் போயிருக்கிறது. பலகையைக் கடந்து பிழைத்துவந்த ஏழு பேர் உங்கள் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்களாம். வடிவமைப்பாளர் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது: "இதைத்தானே ரெண்டு வருஷமாத் தேடுறோம்!" தலைமைப் பொறியாளரும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக அவரோடு ஒத்துப்போனார். பதினேழாவது வரைபடத்தில் எல்லாக் கடைக்கும் இரண்டு படி. போட்டு முடித்த எதிர்ப்பக்கத்தையும் உடைக்கிறார்கள். ஒரு வருடம் ஆகுமாம், என் கணக்கில் மூன்று. சாவியைப் பற்றி மேலே எழுதியதைச் சொல்ல எனக்கு இப்போது வாயில்லை. கொடுப்பதென்றால் திங்கட்கிழமைக்கு அப்புறம் கொடுங்கள். அன்று படியை அளக்க வருகிறோம், ஆட்கள் உட்கார்ந்திருந்தால்தான் அளவு சரியாக வருமாம். நாடாவின் ஒரு முனையை நான் பிடிப்பேன். மறுமுனைக்கு ஆள் இல்லை, மாமா.