சுமைதாங்கிக்கு அந்தப் பக்கம் நிற்கிற தம்பிக்கு

உ

உத்திரமேரூர்
25-1-1979

சிரஞ்சீவி தம்பி வேதகிரிக்கு, அக்காள் ஜெகதாம்பாள் அம்மன் பாதத்தை நினைத்து ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கே எல்லோருக்கும் உடம்பு சுகம், மனசைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன். வசந்தகுமாரிக்கு மசக்கை குறைந்ததா என்று தெரிவிக்கவும்.

செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் இருந்தவர்கள்: ஜட்ஜ் ஐயா, வழக்குப் போட்ட உன் மாமா, நம் பக்கத்து வக்கீல் அருள்தாஸ், உன் பக்கத்து வக்கீல் (பெயர் தெரியாது, கண்ணாடி போட்டவர்), பத்திரம் எழுதும் ஏகாம்பரம், கோவிந்தம்மாள் அத்தை, மடியில் குழந்தை குழலியோடு நான், அப்புறம் ஏதோ வரப்புத் தகராறுக்காக வந்து உட்கார்ந்திருந்த ஒரு பெஞ்சு ஜனம். நான் கணக்கு எழுதுகிறவள், அதனால் ஒருவரையும் விடவில்லை. நீதான் கடைசிவரை இல்லை. உன் மாமா உன்னைத் திருடன் என்று சொன்னதும் எழுந்து வெளியே போய், "இனிமே அந்த நாலு எல்லைக்குள்ள என் காலு படாது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம்.

எல்லாம் அந்தப் பத்திரத்தால் வந்தது. நீ நம் குழலி பல்பொடியில் வேலை செய்யும்போதே, விலகிப் போனால் இதே தொழிலை இங்கே செய்யக்கூடாது, செய்முறையை வெளியே விடக்கூடாது என்று எழுதி வாங்கும்படி யாரோ உன் மாமாவுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். மைத்துனனிடம் போய் எழுதி வாங்குவதா என்று கேட்டேன். மைத்துனனாக இருப்பதால்தான் என்றார். ஏகாம்பரத்துக்கு நிலக் கிரயப் பத்திரம் தவிர வேறு எழுதத் தெரியாது என்பது ஊர் அறிந்தது, எங்களுக்குத்தான் அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. அவர் பாட்டுக்குப் பல்பொடித் தொழிலுக்கு நான்கெல்லை போட்டார். மேற்கே ஏரிக்கரை, கிழக்கே சாலவாக்கம் ரோட்டுச் சுமைதாங்கிக் கல், வடக்கே அரிசி மில், தெற்கே சுடுகாடு. இதற்கு உட்பட்ட பல்பொடியை அதிலுள்ள மரம், கிணறு, புதையல் சகிதம் நீ விட்டுக்கொடுத்ததாகவும், உன் பிள்ளை, பேரன் வரை யாரும் பாத்தியம் கொண்டாடக்கூடாது என்றும் எழுதினார். நீயும் கையெழுத்துப் போட்டாய். வசந்தகுமாரி வயிற்றில் இருக்கிற பிள்ளைகூட இந்த ஊரில் பல்பொடி இடிக்க முடியாது என்று ஆயிற்று.

நீ விலகிப்போய் சாலவாக்கத்தில் வசந்தா பல்பொடி என்று போட்டதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். சம்பளம் கூட்டிக் கேட்டவனுக்கு உன் மாமா இரண்டு டப்பா பல்பொடி கொடுத்தது எனக்கும் தெரியும். ஆனால் சந்தை நாள் பார்த்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து அந்தச் சுமைதாங்கியை ஒட்டி அந்தப் பக்கம் நின்றா விற்க வேண்டும்? இவர் மூச்சிரைக்க ஓடிவந்து இந்தப் பக்கம் நின்றாராம். நீ, "மாமா, நீங்களே பாருங்க, டயரு கூட உள்ள இல்ல" என்றாயாம். "உன் கொரலு உள்ள வருதே" என்றாராம் இவர். அதற்கு நீ வாயை மூடிக்கொண்டு சைக்கிள் மணியை அடித்தே சரக்கு பூராவும் விற்றாயாம். இதை வீட்டுக்கு வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது தம்பி. அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு நேரே வக்கீல் வீட்டுக்குப் போனவர்தான்.

இப்போது கோர்ட்டுக்கு வருகிறேன். நீ போனதும் உன் வக்கீல் பத்திரத்தைப் படித்துவிட்டு, இந்தப் பல்பொடியில் கிணறு எந்த மூலையில் இருக்கிறது என்று கேட்டார். ஏகாம்பரம் எழுந்து அது வழக்கமாகப் போடுகிறதுதான் என்றார், உட்காரச் சொல்லிவிட்டார்கள். பிறகு உன் மாமாவிடம், ரகசியத்தைத் திருடினான் என்கிறீர்களே, என்ன ரகசியம் என்று கேட்டார். இவர் சொல்ல மாட்டேன் என்றார். சொல்லாவிட்டால் அதைத்தான் திருடினான் என்று எப்படித் தெரியும் என்றார் அவர். நம் அருள்தாஸ் வக்கீலும் சொல்லிவிடும்படி கண்ணைக் காட்டினார். ஜட்ஜ் ஐயா காதில் மட்டும் சொல்லட்டுமா என்று இவர் கேட்டார், அப்படி வழக்கம் இல்லையாம். பெஞ்சில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்ளட்டும் என்றார், அதுவும் இல்லையாம். கடைசியில் கூண்டுக் கட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சுண்ணாம்புக்கட்டித் தூள், பொரித்த படிகாரம், உப்பு, கிராம்பு, தித்திப்புக்குச் சாக்கரின், நிறத்துக்குக் காவி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். டப்பாவில் பதினாறு மூலிகை என்று போட்டிருக்கிறதே என்றார் உன் வக்கீல். கிராம்பு அதில் ஒன்று என்றார் இவர். கோவிந்தம்மாள் அத்தை சும்மா இருந்தாளா? "கோயிலு மதிலுக்கு அடிக்கிற காவியா? அப்ப இத்தினி வருசமா செவுத்தத்தான் தேச்சிக்கினு இருந்தேனா?" என்று பெஞ்சைப் பார்த்துக் கேட்டாள். வழக்கைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். வெளியே வந்ததும் அந்த வரப்புத் தகராறு ஆள் ஒருவர், படிகாரத்தை எவ்வளவு நேரம் பொரிக்க வேண்டும் என்று மரியாதையாகக் கேட்டார். இவரும் தொழில் பெருமையில், "உப்பி வெளுக்கற வரிக்கும்" என்று சொல்லிவிட்டு, அப்புறம் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து நம் தெருவில் வீட்டுக்கு வீடு படிகாரம் பொரிகிற வாசனை. கடைக்காரர்கள் டப்பாக்களைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். நேற்று சோறு போட்டுக் கூப்பிட்டபோது திரும்பாமலே, "அந்தப் பையன் தெரிஞ்சிக்கினு போனான், ஒருத்தங்கிட்ட கூட சொல்லல. நான்தான் ஊருக்கே சொல்லிப்புட்டேன்" என்றார். சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டு நானும் சாப்பிடாமல் எழுந்துவிட்டேன். யார் ஜெயித்து என்ன, இரண்டு பேருடைய பொழைப்பும் போயிட்டுது, பேச்சும் போயிட்டுது.

குழலிக்குக் காது குத்த வருகிற தை கடைசி வெள்ளியில் நாள் வைத்திருக்கிறது. தாய்மாமன் மடி இல்லாமல் நான் குத்த விடமாட்டேன். போன வருஷமும் இதே சண்டையில் தள்ளிப் போயிற்று, குழந்தை இப்போது கம்மலுக்காக அழுகிறாள். நீ சொன்ன சொல்லையும் காப்பாற்ற வேண்டும், இவர் வீம்பையும் காப்பாற்ற வேண்டும். அதனால் ஆசாரியிடம் பேசிவிட்டேன். சுமைதாங்கிக்குப் பக்கத்துப் பிள்ளையார் எதிரில் வைத்துக்கொள்வோம். நீ கல்லுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொள். இவர் இந்தப் பக்கம் நிற்கட்டும். நீங்கள் இருவரும் பேச வேண்டாம், பார்த்துக்கொள்ளவும் வேண்டாம். சைக்கிள் வேண்டாம், மணியும் வேண்டாம். மடி மட்டும் கொண்டுவா.

வசந்தகுமாரியும் நீயும் பிள்ளைகுட்டியோடு நீடூழி வாழ அம்மனுக்கு விளக்குப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்காள்
ஜெகதாம்பாள்

பின்குறிப்பு: மேலே எழுதியதை விட்டுவிடு. கடிதத்தை ஒட்டப் பசை எடுக்க உள்ளே போனால் பொடி சலிக்கிற சல்லடையைக் காணோம், உன் மாமாவையும் காணோம். சாலவாக்கம் பஸ்ஸில் ஏறினாராம். எங்கே என்று கேட்ட கோவிந்தம்மாள் அத்தையிடம், "வேதகிரி பொடிய வாங்கித் தேச்சிப் பாத்தேன், கொரகொரன்னு கீது. சலிக்கத் தெரியல அவனுக்கு" என்றாராம். பெட்டியைத் திறந்து பார்த்தேன், மறுபடி பத்திரம் எழுத முத்திரைத்தாள் எதையும் எடுத்துப் போகவில்லை. வேலை என்று கேட்க அவருக்கு வாய் வராது, நீயாகப் பார்த்து ஒரு மூலையில் உட்காரவை. காதுகுத்தை உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். அவர் வந்து சேர்ந்தாரா, சாப்பிட்டாரா என்று சீக்கிரம் பதில் போடு.