நாக்கில் கரைந்த ஆட்டுக்குடல்

வாய்க்குள் தையல் போட்டுக்கொண்டவனுக்கு இரண்டு வேலை. ஒன்று, பேசாமல் இருப்பது. மற்றது, ஏன் பேசவில்லை என்று ஊரெல்லாம் விளக்குவது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தவன் நான். அந்தக் களைப்பு இன்னும் தீரவில்லை.

அப்போது மதுரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது, கல்யாணம்தான் நெருங்கவில்லை. ஜாதகம் பொருந்தினால் பெண்ணின் தாய்மாமனுக்கு என்னைப் பிடிக்காது. தாய்மாமனுக்குப் பிடித்தால் ஜாதகம் பொருந்தாது. பெண் பார்த்துப் பார்த்து அலுத்துப்போன சமயத்தில் திருவாதவூரிலிருந்து ஓர் இடம் வந்தது. நாங்கள் சைவம். அவர்கள் கடுஞ்சைவம், முட்டை என்ற சொல்லைக்கூட வீட்டுக்குள் சொல்லமாட்டார்கள். "இதுவும் தட்டிப்போச்சுன்னா நீ சாமியாராப் போயிரு" என்று அக்கா சொல்லிவிட்டாள்.

பெண் பார்க்க நாள் குறித்த பிறகு, வக்கீல் வேலையாக மேலூர் பஸ்ஸில் போனேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தேனா? பக்கத்து ஆளுக்குச் சட்டம் சொல்லிக்கொண்டே போனேன். ஒத்தக்கடை தாண்டி பஸ் ஒரு பள்ளத்தில் இறங்க, என் பல் நாக்கில் இறங்கிவிட்டது. (அந்த ஆளுக்குப் பரம சந்தோஷம். அப்போதுதான் நிம்மதியாக ஜன்னல் பக்கம் திரும்பினார்.)

ஆஸ்பத்திரியில் டாக்டர் தைத்தார். "நூலைப் பிரிக்க வரவேண்டாம், தானே கரைஞ்சிரும். உப்புத்தண்ணி போட்டுக் கொப்புளிங்க. வாய்ப்புண்ணு சீக்கிரம் ஆறிரும்" என்றார். அத்தோடு விட்டிருக்கலாம். கம்பவுண்டர் விடவில்லை. "கரையாம என்ன செய்யும்? ஆட்டுக்குடல்ல முறுக்குன நூலுல்ல!" என்று பெருமையாகச் சொன்னார்.

தகவல் தெரிந்து ஓடிவந்திருந்த அத்தான், அதாவது அக்கா புருஷன், அதைக் கேட்டுவிட்டார். வீட்டுக்குள் நுழையும்போதே அக்காவிடம் ஒப்பித்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கரையுதாம்ல? அப்ப அம்புட்டும் உன் வயித்துக்குள்ளதான போகும்? ஒரு சொட்டு எச்சி முழுங்கினேன்னு வையி, அடுப்படிப் பக்கம் வராத!"

நான் நாலு எழுத்துப் படித்தவன், கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசித்தேனே! அக்கா சொல்வதுதான் நியாயம் என்று பட்டது. அன்று முதல் எச்சில் படிக்கமும் கையுமாகத் திரிந்தேன். துப்பித் துப்பித் தொண்டை வறண்டது. சும்மா விட்டிருந்தால் ஆறியிருக்கும் புண், ஓயாமல் உறிஞ்சித் துப்பியதில் ஆறாமல் கசிந்துகொண்டே இருந்தது. ராத்திரி தூங்கினால் தெரியாமல் முழுங்கிவிடுவேனோ என்று அதற்கும் பயம்.

நாளைத் தள்ளிப்போட்டால் அபசகுனம் என்றார்கள். படிக்கத்தை ஒரு துணிப்பைக்குள் மறைத்துக்கொண்டு திருவாதவூர் போனோம்.

பெண் வந்து கும்பிட்டாள். பெயர் சிவகாமி. தலையைக் குனிந்துகொள்ளாமல் என்னை நேராகப் பார்த்தாள். எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. இவள் கிடைக்காமல் போய்விடக் கூடாதே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்தா வாய் நிறைய வேண்டும்? திரும்பிப் பைக்குள் துப்பினேன். பெண்ணின் அப்பா எட்டிப் பார்த்தார். சிவப்பாக இருந்தது.

"மாப்பிள்ளை வெத்தல போடுவாகளோ?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சேச்சே! வெத்தல, பொடி, ஒரு கெட்ட பழக்கம் கிடையாது" என்றார்.

பெண்ணின் அப்பா முகம் வெளுத்துவிட்டது. "அப்ப அது ரத்தமா? எம்புட்டு நாளா இப்பிடி?"

அந்தக் காலத்தில் ரத்தம் துப்பினால் க்ஷயரோகம்தான், வேறு பேச்சே இல்லை. பெண்ணின் அம்மா மகளைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என் நிலைமையைப் பாருங்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் க்ஷயரோகி. திறந்தால் ஆடு தின்றவன். அத்தான் என் காதருகே குனிந்து, "மாப்ள, எதைச் சொல்லட்டும்?" என்று கேட்டார். வேறு வழி? வாயைப் பிளந்து நாக்கை நீட்டினேன். அத்தான் பஸ்ஸில் ஆரம்பித்துக் குடல் வரைக்கும் சொல்லி முடித்தார்.

"சிவ சிவா!" என்று பெண்ணின் அப்பா காதைப் பொத்திக்கொண்டார். போய்வாருங்கள் என்று சொல்ல அவர் வாயெடுத்தபோது, உள்ளேயிருந்து சிவகாமியின் குரல் வந்தது.

"அப்பா, ஆட்டுக்குடல்னா கரைஞ்சு போயிரும்ல? க்ஷயமா இருந்தாத்தான யோசிக்கணும். முதல்ல அவுகள எச்சிய முழுங்கச் சொல்லுங்க. புண்ணு ஆறட்டும்."

அத்தனை பேர் முன்னாலும் முழுங்கினேன். அந்த சுகத்தை என்னவென்று சொல்ல! பாயசம் தோற்றது போங்கள்.

நூல் கரைந்த பிறகு மறுபடியும் போய், மாமனார் முன்னால் வாயைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. சந்தையில் மாட்டுக்குப் பல் பார்க்கிற மாதிரி அண்ணாந்து, குனிந்து, பக்கவாட்டில் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் நிச்சயத்துக்குச் சம்மதித்தார். நான் பெண் பார்க்கப் போனது ஒரு தடவை, அவர்கள் என் வாயைப் பார்த்தது இரண்டு தடவை.

இப்போது பேரன் பேத்தி எடுத்துவிட்டோம். தெருவில் ஓர் ஆடு கத்திவிட்டால் போதும், அடுப்படியிலிருந்து சிவகாமியின் குரல் வரும். "ஏங்க, உங்க சொந்தக்காரங்க வந்திருக்காக. வாசலுக்குப் போயி வாங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க."

பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்கும். முன்பெல்லாம் சண்டைக்குப் போவேன். இப்போது அதற்கெல்லாம் தெம்பில்லை. எழுந்து போய், "வாங்க" என்று கேட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடுகிறேன்.